மருத்துவ அலட்சியத்தால் வேலை போனால் எவ்வளவு கேட்பது? மூன்று கணக்கு முறைகள், ஓர் ஒப்பீடு

சிகிச்சையில் நடந்த தவறால் கை விளங்காமல் போனவர், பார்வை போனவர், படுக்கையில் விழுந்தவர் என்று யாராக இருந்தாலும், அவருடைய குடும்பம் வக்கீலைத் தேடிப் போகும்போது ஒரே இடத்தில்தான் திணறுகிறது. ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிவிடலாம். வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை எழுதிவிடலாம். இனி வரப்போகும் இருபது, முப்பது வருடச் சம்பளத்துக்கு எதை எழுதுவது? ஒரு வக்கீல் மோட்டார் விபத்துக் கணக்கைப் போடலாம் என்கிறார். இன்னொருவர் ஓய்வு வயது வரைக்கும் மொத்தமாகக் கூட்டச் சொல்கிறார். மூன்றாமவர், "ரவுண்டா ஒரு கோடி கேளுங்க, அவங்க குறைச்சுக் கொடுப்பாங்க" என்கிறார்.

மூன்று பேருக்கும் தீர்ப்புகளில் ஆதாரம் உண்டு. இந்தியாவில் மருத்துவ அலட்சியத்துக்கென்று சட்டத்தில் எழுதிவைத்த வாய்பாடு கிடையாது. 'நியாயமான இழப்பீடு' என்ற ஒற்றைக் கோட்பாடுதான் இருக்கிறது. அதனால் எந்த முறையில் கேட்பது என்பதை வழக்குப் போடுகிறவரே யோசித்து எடுக்க வேண்டியிருக்கிறது. தவறான முறையில் கேட்டால் பல லட்சம் கைநழுவிப் போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், பாதிக்கப்பட்டவர் வேலை வாழ்க்கையில் எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பது. மாணவரா, வேலைக்குச் சேர்ந்து சில வருடம் ஆனவரா, நடுவயதா, ஓய்வுக்குப் பக்கத்திலா? மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

இரண்டாவது, வருமானத்தைக் காகிதத்தில் காட்ட முடியுமா என்பது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்று), பி.எஃப். பாஸ்புக், வருமானவரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றில் எது கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சம்பாதிக்கும் திறன் முழுவதும் போய்விட்டதா, ஒரு பகுதி மிச்சமிருக்கிறதா என்பது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், கீழே வருகிறது. கடைசியாக, அந்த முறையை நிரூபிக்க ஆகும் செலவும் காலமும், மேல்முறையீட்டில் அந்தத் தொகை நிற்குமா என்பதும்.

| | பெருக்கு எண் முறை | எஞ்சிய ஆண்டுக் கணக்கு | மொத்தத் தொகை |
|---|---|---|---|
| எப்படி | ஆண்டு வருமானம் × வயதுக்குரிய எண் | ஆண்டு வருமானம் × ஓய்வு வரை உள்ள ஆண்டுகள் | நீதிமன்றம் மனத்தில் கொள்ளும் நியாயமான தொகை |
| யாருக்கு ஏற்றது | நடுவயது, ஓய்வை நெருங்கியவர் | இளம் வயது, உயரும் சம்பளம் | மாணவர், குழந்தை, இல்லத்தரசி |
| தேவையான ஆதாரம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| எவ்வளவு வரும் என்று கணிக்க | எளிது | கடினம் | மிகக் கடினம் |
| முக்கிய ஆபத்து | இளையவருக்குக் குறைவாக வரும் | ஊகம் என்று தள்ளிவிடலாம் | காரணம் சொல்லாமல் குறைத்துவிடலாம் |

ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். கோவையில் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. (கணினி வழி இயங்கும் இயந்திரம்) ஆபரேட்டர், வயது 34, நிரந்தர வேலை, மாதம் 30,000 ரூபாய். அறுவை சிகிச்சையில் நரம்பு வெட்டுப்பட்டு வலது கை பிடிமானம் போய்விட்டது. இப்போது ஒரு கடையில் கணக்குப் பார்த்து 12,000 வாங்குகிறார். அதாவது மாதம் 18,000 இழப்பு, முந்தைய சம்பளத்தில் 60 சதவீதம்.

## பெருக்கு எண் முறை

வக்கீல்கள் 'மல்டிப்ளையர்' என்று சொல்வது இதுதான். மோட்டார் விபத்து வழக்குகளுக்காக உச்ச நீதிமன்றம் 2009-ல் வயதுவாரியாக ஒரு பட்டியல் கொடுத்தது. 15 முதல் 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13, 51 முதல் 55 வரை 11, 56 முதல் 60 வரை 9. பிறகு 2017-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வருங்காலச் சம்பள உயர்வுக்காக எவ்வளவு சேர்ப்பது என்பதையும் நிர்ணயித்தது. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு 40 வயதுக்குள் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30, 50 முதல் 60 வரை 15. சுயதொழில் செய்பவருக்கும் உயர்வில்லாத ஒரே சம்பளம் வாங்குபவருக்கும் அதே வயதுப் பிரிவுகளில் 40, 25, 10.

நம் ஆபரேட்டருக்கு: ஆண்டு இழப்பு 2,16,000. அதோடு 50 சதவீதம் சேர்த்தால் 3,24,000. பெருக்கு எண் 16. மொத்தம் 51,84,000 ரூபாய்.

58 வயதில் ஓய்வு என்றால் இன்னும் 24 வருடம் இருக்கும்போது ஏன் 16-ஆல் மட்டும் பெருக்க வேண்டும் என்று குடும்பத்தார் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வருடா வருடம் வரவேண்டிய பணம் இங்கே ஒரே நாளில் கைக்கு வருகிறது. 51.84 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் முதல் வருடமே 3,62,880 ரூபாய் வரும். அவருடைய இன்றைய ஆண்டு இழப்பு 2,16,000. மிச்சத்தை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் பின்னாளில் விலைவாசிக்கு ஈடுகொடுக்கலாம். ஆகவே நடுவயதுச் சம்பளக்காரருக்கு இந்த முறை பலர் சொல்வதுபோல அநியாயமானது இல்லை.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இதிலேயே இருக்கிறது. ஓய்வு வயது 58 என்று வைத்துக்கொண்டால் 44 வயதில் எஞ்சிய ஆண்டும் 14, பெருக்கு எண்ணும் 14. அதைத் தாண்டினால் பெருக்கு எண்தான் பெரிது. 52 வயதில் எஞ்சியிருப்பது 6 வருடம், பெருக்கு எண் 11. ஓய்வு வயது 60 என்றால் இந்தத் திருப்பம் 47-ல் வருகிறது. ஓய்வுக்கு முன் ஓர் எண், ஓய்வுக்குப் பின் ஓர் எண் என்று பிரித்துக் குறைக்கும் வழக்கத்தைத் தனிக் காரணம் இல்லாமல் செய்யக்கூடாது என்றும் மோட்டார் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஐம்பதை நெருங்கியவர் எஞ்சிய ஆண்டுக் கணக்கைத் தேடிப் போவது தனக்குத் தானே நஷ்டம் செய்துகொள்வது.

இந்த முறை கைவிடுவது மாணவரையும் இளைஞரையும்தான். 20 வயதுக்காரருக்கு 38 வருட வேலை வாழ்க்கை 18 ஆகச் சுருங்குகிறது. போதாததற்கு, தொடக்கச் சம்பளமோ உத்தேசச் சம்பளமோதான் அடிப்படையாகிறது. இரண்டு பக்கமும் அடி.

## எஞ்சிய ஆண்டுக் கணக்கு

இதற்குப் பெரிய முன்மாதிரி கொல்கத்தா வழக்கு. 1998-ல் மருந்து ஒவ்வாமைக்குத் தவறான சிகிச்சை கொடுக்கப்பட்டு இறந்தவர் 36 வயதுக் குழந்தை உளவியலாளர், அமெரிக்காவில் வசித்தவர். உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பில் வருமான இழப்பு மட்டும் 5,72,00,550 ரூபாய். கணக்கு இப்படி: ஆண்டுக்கு 40,000 டாலர், எதிர்கால உயர்வுக்கு 30 சதவீதம் சேர்த்து 52,000, அதில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய சொந்தச் செலவுக்காகக் கழிவு, மீதியை 30 வருடத்தால் பெருக்கி, டாலருக்கு 55 ரூபாய். மருத்துவ அலட்சிய வழக்கில் பெருக்கு எண்ணை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அந்தத் தீர்ப்பு திரும்பவும் உறுதிசெய்தது.

அங்கே கழித்த மூன்றில் ஒரு பங்கைக் கவனியுங்கள். அது இறந்தவர் வழக்கில் மட்டும். உயிரோடு இருப்பவர் தன் சாப்பாட்டையும் துணிமணியையும் இன்னும் வாங்கித்தானே ஆகவேண்டும்? அதனால் காயமடைந்தவர் வழக்கில் சொந்தச் செலவு என்று எதையும் கழிக்கக்கூடாது. கீழ்மட்டத்தில் இது தவறிப்போனால் மேல்முறையீட்டில் கட்டாயம் எழுப்ப வேண்டும்.

நம் ஆபரேட்டருக்கு இந்த முறையில் 3,24,000 × 24 = 77,76,000 வருகிறது. பெருக்கு எண்ணைவிட 25.92 லட்சம் கூடுதல். ஆனால் அதை வாங்கித் தரும் ஆதாரம் லேசில் கிடைக்காது. அவரோடு ஒரே வருடம் சேர்ந்தவர்கள் இன்று என்ன பதவியில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து பதவி உயர்வு விதிகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். நிறுவனம் பெரும்பாலும் தயங்கும், கூடவேலை செய்தவர்களும் தங்கள் சம்பளச் சீட்டைக் கொடுக்கத் தயங்குவார்கள். இந்தச் சிரமத்தைப் பட முடியாதவர்கள் வெறும் பெருக்கலை மட்டும் எழுதிக் கொடுத்தால், 'ஊகம்' என்ற ஒரே சொல்லில் அது தள்ளுபடியாகும்.

முப்பதுக்குள் இருக்கும் மென்பொருள் ஊழியர், மருத்துவ மேற்படிப்பு முடித்தவர், வெளிநாட்டு வேலை உத்தரவு கையில் வைத்திருந்தவர் போன்றவர்களுக்கு மெனக்கெடத் தகுந்த முறை இது.

## மொத்தத் தொகை

ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலைய வழக்கைச் சொல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது. 1990-ல் 20 வயது பொறியியல் மாணவர் ஒருவர் மார்புக் கட்டிக்காக அங்கே அறுவை சிகிச்சைக்குப் போனார், இடுப்புக்குக் கீழே செயலிழந்து வந்தார். வழக்கு 2009-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெருக்கு எண் இங்கே பொருந்தாது என்று சொல்லிவிட்டு நீதிமன்றம் மொத்தம் 1 கோடி ரூபாய் கொடுத்தது. அதில் எதிர்கால வருமான இழப்புக்கு 25 லட்சம். அப்போது அவர் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் வருமான இழப்பே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி போராடி வேலைக்குப் போனவரைப் பார்த்து "நீதான் சம்பாதிக்கிறாயே" என்று சொல்லும் எதிர்த்தரப்புக்கு இது சரியான பதில்.

அதே சமயம் அந்த 25 லட்சம் எப்படி வந்தது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. இதுதான் மொத்தத் தொகை முறையின் பலவீனம். நல்ல நீதிபதி கையில் தாராளமாக வரும், இல்லாவிட்டால் சுருங்கிவிடும். குறைந்தது என்று மேல்முறையீடு போனால் எந்தக் கூட்டலில் தவறு என்று சுட்டிக்காட்டவும் வழியில்லை.

குழந்தைகளுக்கு வேறு வழி பெரும்பாலும் இல்லை. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யத் தவறியதால் பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015-ல் உச்ச நீதிமன்றம் எதிர்காலச் செலவுக்கு 1.38 கோடியும் அதுவரை செலவானதற்கு 42 லட்சத்துக்கு மேலும் கொடுத்தது. அது மருத்துவச் செலவைச் சுற்றிய கணக்கு என்றாலும், பணவீக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற வாதத்துக்கு அதைத் துணைக்கு அழைக்கலாம். இல்லத்தரசிகளின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. போபாலில் டெங்குவுக்குச் சரியான கண்காணிப்பு இல்லாமல் 2009-ல் இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு 2019-ல் 15 லட்சம் கொடுக்கப்பட்டது. அந்தத் தொகை போதாது என்றே நினைக்கிறேன். வீட்டில் அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, அதற்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று பட்டியல் கொடுத்தால் இந்த எண் மேலே போக வாய்ப்பு உண்டு.

## சதவீதம்தான் உண்மையான சண்டை

எந்த முறையை எடுப்பது என்று வாரக்கணக்கில் விவாதிப்பவர்கள், எத்தனை சதவீத இழப்பு என்பதைச் சான்றிதழில் இருப்பதுபோலவே எழுதிவிடுகிறார்கள். நம் ஆபரேட்டருக்கு மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று தந்ததாக வைத்துக்கொள்வோம். அதையே வருமான இழப்பாக எடுத்தால் பெருக்கு எண் முறையில் 34,56,000. உண்மையான இழப்பான 60 சதவீதத்தை எடுத்தால் 51,84,000. வேறு எந்த வேலையும் கிடைக்காது, 100 சதவீதம் என்று நிரூபித்தால் 86,40,000. முறையை மாற்றியதில் வந்த வித்தியாசத்தைவிட இது பெரிது.

உடலுக்கு ஏற்பட்ட ஊனமும் சம்பாதிக்கும் திறனுக்கு ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கில் தெளிவாக விளக்கியது. இடது கை போனவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம்; அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை சதவீதம்?" என்பதோடு நிற்கக்கூடாது. "இவருடைய வேலையில் எந்தெந்தச் செயலை இனி செய்ய முடியாது?" என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

அரசு ஊழியருக்கு இது தலைகீழாகப் போகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-ஆம் பிரிவுப்படி, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ முடியாது; அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். எனவே "சம்பளம் போச்சு" என்று கேட்டால் எடுபடாது. படி, கூடுதல் பணி வருமானம் என்று உண்மையில் குறைந்தவற்றை இனம் பிரித்துக் கேட்க வேண்டும்.

எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது என்பதிலும் கவனம் தேவை. வருமான வரி போக மீதிச் சம்பளம்தான் கணக்குக்கு அடிப்படை. அதை விட்டுவிட்டு, நம் ஆபரேட்டரின் 30,000-ல் 'பேசிக்' 18,000 என்று வைத்து அதை மட்டும் எழுதினால், அதே 60 சதவீத இழப்புக்கு 51.84 லட்சம் 31,10,400 ஆகிவிடும்.

## எங்கே போவது

நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா என்பதும் கணக்கு முறையோடு பிணைந்த கேள்விதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 3 லட்சம் பில் கட்டியவர் 2 கோடி கேட்டாலும் மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக, தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பது பெரிய பாதுகாப்பு.

சிவில் கோர்ட்டில் தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். 2017-க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 1 கோடி கேட்டால் 3 லட்சம் முன்பணம். வசதியில்லாதவர், கட்டணம் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்டு வறியவர் மனு போடலாம். அதனால் 'ரவுண்டா ஒரு கோடி' என்ற ஆலோசனைக்கு அங்கே விலை உண்டு. ஆனால் எஞ்சிய ஆண்டுக் கணக்கை நிரூபிக்கச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை செய்து, நிறுவனத்தின் ஆவணங்களை வரவழைக்க ஏற்ற இடம் அதுதான். ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தோடு வேலை முடிகிறது, அது பெருக்கு எண் முறைக்குப் போதும்.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. தவறு கண்கூடாகத் தெரிகிற வழக்கில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசு அமைப்பின் தவறுக்கு எதிராக நேரடியாக அங்கே போடும் மனு) போடலாம், செலவு குறைவு. ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் மொத்தத் தொகைதான், வேலை வாழ்க்கை இழப்பை விரிவாக ஆராய மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி சமரசத்துக்கு அழைத்தால்? அலட்சியத்தை நிரூபிப்பது கடினமான வழக்கிலும், அவசரமாகப் பணம் தேவைப்படுகிற குடும்பத்துக்கும் அது சரியான வழியாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெருக்கு எண் முறையில் வரும் தொகையை முதலில் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு கீழே போகலாம் என்று முடிவு செய்துவிட்டுப் பேச உட்காருங்கள். இந்தப் பேச்சு வக்கீல்களுக்கு இடையில்தான் நடக்கும். ஏனென்றால், கொடுங்காயமோ மரணமோ ஏற்பட்ட மருத்துவ அலட்சிய வழக்குகளை ஆணையங்கள் தங்கள் சமரச மையத்துக்கு அனுப்ப விதி இடம் தரவில்லை. காயம் ஆறி, இனி எவ்வளவு தேறும் என்பது தெரியும் முன் "முழுத் திருப்தி, இனி கோரிக்கை இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

## மனுவில் எப்படி எழுதுவது

இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, ஒன்றை முதன்மைக் கோரிக்கையாகவும் மற்றதை மாற்றுக் கோரிக்கையாகவும் வைக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். நாற்பதுக்குக் கீழே எஞ்சிய ஆண்டுக் கணக்கு முதலில், பெருக்கு எண் மாற்றாக. நாற்பத்தைந்துக்கு மேலே பெருக்கு எண் மட்டும் போதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் கையில் உள்ள காகிதங்களைப் பார்த்து முடிவு செய்யட்டும். மாணவருக்கு மொத்தத் தொகை கேட்டாலும், அதே கல்லூரியில் அதே படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைத்த சம்பள விவரத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வட்டியை மறக்காதீர்கள், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து. ஹைதராபாத் வழக்கில் 1999 மார்ச் 1-லிருந்து 6 சதவீதம் கொடுத்தார்கள். பத்து வருடம் இழுத்த வழக்கில் அது அசலின் பாதியைத் தாண்டும்.

மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 வருடம், சிவில் வழக்குக்குக் காயம் என்றால் பொதுவாக 3 வருடம், மரணம் என்றால் 2 வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஊனச் சான்றிதழ் வரவில்லை, சம்பள ஆதாரம் முழுதாகச் சேரவில்லை என்று காத்திருக்காமல், கையில் இருப்பதோடு புகாரைப் பதிவு செய்துவிட்டு மீதியைக் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் செய்ய அனுமதி கேட்கலாம்.